மலையில் கேட்ட கடல் கேள்விகள்

கே: என் மகள் பதினொன்றாவது படிக்கிறாள். ஓய்வு பெற்ற விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் பாதிப் பேர் டெண்டுல்கர், மீதிப் பேர் பி.டி. உஷா. இவள் மட்டும் லேன் பீச்லி என்று ஒரு ஆஸ்திரேலிய அலைச்சறுக்கு (சர்ஃபிங்) வீராங்கனையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். எழுதும் அளவுக்கு விஷயம் இருக்கிறதா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

ப: இருக்கிறதாவா! ஒரு நோட்டு போதாதம்மா. 1972-இல் பிறந்து, சிட்னியின் மேன்லி கடற்கரைப் பக்கம் வளர்ந்தவர். கைக்குழந்தையிலேயே தத்துப் போனவர். வளர்த்த அம்மா, இவருக்கு ஆறு வயதாகும்போது இறந்துபோனார். எட்டு வயதில் அப்பா உட்காரவைத்து, தத்தெடுத்த விஷயத்தைச் சொன்னார். பெற்றவளும் விட்டுவிட்டாள், வளர்த்தவளும் போய்விட்டாள் என்றுதானே அந்த வயதில் தோன்றும்? எதிலாவது உலகத்திலேயே முதல் ஆளாக வந்துவிட்டால் எல்லாருக்கும் நம்மைப் பிடித்துப்போகும் என்று அப்போதே மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

அப்புறம் நடந்தது ஒன்றும் சினிமா மாதிரி இல்லை. பெண்கள் போட்டியில் பரிசுப் பணம் சொற்பம், அதனால் ஒரே சமயத்தில் நாலு வேலை வரை பார்த்துக்கொண்டுதான் பயிற்சி எடுத்தார். நடுவில் நாள்பட்ட களைப்பு நோய் வந்தது, அதுவும் இரண்டு தடவை. நாம் சொல்கிற அசதி இல்லை இது, எத்தனை தூங்கினாலும் தீராது, கொஞ்சம் உழைத்தால் நாள்கணக்கில் ஆளைப் படுக்கப் போட்டுவிடும். உங்கள் மகள் கட்டுரையில் பட்டங்களை ஒரு வரியில் முடித்துவிட்டு இந்தப் பகுதிக்கு ஒரு பக்கம் கொடுக்கட்டும் என்பேன்.

பட்டக் கணக்கு இதோ: முதல் உலகப் பட்டம் 1998-இல், 26 வயதில். அங்கிருந்து 2003 வரை விடாமல் ஆறு வருஷம். தொடர்ந்து ஆறு என்பது அதுவரை ஆண்களிலும் யாரும் தொடாதது, ஆண்களில் பெரிய பெயரான அமெரிக்க வீரர் கெல்லி ஸ்லேட்டரே தொடர்ச்சியாக என்று பார்த்தால் ஐந்தோடு நின்றவர். 2006-இல் ஏழாவது. 2008-இல் ஓய்வு. பின்னால் அதே நாட்டு ஸ்டெபனி கில்மோர் 2022-இல் எட்டாவது பட்டம் வாங்கி இவரைத் தாண்டினார்.

கே: முதல் ஆறு பட்டம் பயத்தில் ஜெயித்தது, ஏழாவதுதான் ஆசையோடு ஜெயித்தது என்று அவர் சொன்னதாக வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
– ஒரு வாசகர், குன்னூர்

ப: அந்த அர்த்தத்தில் பேசியிருக்கிறார், உண்மைதான். தோற்றால் நம்மை யார் மதிப்பார்கள் என்ற பயத்திலேயே ஆறு வருஷம் ஓட்டியிருக்கிறார். ஆனால் அதை வைத்து ‘பயம் வேண்டாம், ரசித்துச் செய்’ என்று காலை வணக்கப் படம் போடுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை, ஏனென்றால் அந்த ஆறு வருஷத்து உழைப்பு உடம்பில் ஏறியிருந்ததால்தானே ஏழாவதை ரசித்து ஜெயிக்க முடிந்தது? வெறும் ரசனையோடு 1998-இல் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும். சரி, இது என் கட்சி, நீங்கள் சண்டைக்கு வரலாம்.

கே: இப்போதாவது பெண்களுக்குச் சமப் பரிசா?
– ஒரு வாசகி, கூடலூர்

ப: ஆமாம். உலக அலைச்சறுக்கு லீக் 2019-இலிருந்து ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை கொடுக்கிறது. பீச்லி ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷம் கழித்து! அவர் சும்மா காத்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆடிக்கொண்டிருந்தபோதே, 2003-இல், பெண் பிள்ளைகளுக்குப் பண உதவி செய்ய ஒரு அறக்கட்டளை ஆரம்பித்தார். ஓய்வுக்குப் பிறகு ஆஸ்திரேலிய அலைச்சறுக்கு அமைப்புக்கே தலைவரானார்.

கே: (மறுபடியும் அதே கோத்தகிரி வாசகி) கட்டுரை முடிந்தது. இப்போது இவளுக்கே அலைச்சறுக்கு கற்க வேண்டுமாம். ஆறாயிரம் அடி உயரத்தில் இருந்துகொண்டு இது தேவையா?

ப: தேவைதான், ஆனால் முதலில் நீச்சல். அலை மேல் நிற்பதெல்லாம் சில நொடிதான், மீதி நேரம் பலகையில் குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளுவதும், அலைக்குக் காத்திருப்பதும். நம் ஊர்த் தண்ணீரில் இறங்கினால் பல் கிட்டிக்கொள்ளும், ஆகையால் கோடை விடுமுறையில் மேட்டுப்பாளையமோ கோவையோ போய் நீந்தக் கற்கட்டும்.

பிறகு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி, காலையில் சென்னை, அங்கிருந்து கோவளம். அங்கே மீனவர் வீட்டுப் பிள்ளைகளே கற்றுக்கொடுக்கிறார்கள், கடலைப் பார்த்த மாத்திரத்தில் இன்றைக்கு இறங்கலாமா கூடாதா என்று சொல்லிவிடுவார்கள். ஐப்பசி கார்த்திகையில் மட்டும் போகாதீர்கள், புயல் காலம்.

நானும் ஒருமுறை போனேன். பலகையின் மேல்பக்கம் மெழுகைத் தேய்த்துக்கொண்டிருந்த பையனிடம், ‘ஏன் தம்பி, ஏற்கெனவே வழுக்குமே’ என்றேன். ‘வழுக்காம இருக்கத்தான் சார்’ என்றான். தொட்டுப் பார்த்தால் பிசுபிசுவென்று காலைப் பிடிக்கிறது. கணுக்காலில் கயிறு கட்டிவிட்டான், நான் எங்கே விழுந்தாலும் பலகை கூடவே வந்து நின்றது. ஒரு மணி நேரத்தில் ஒருமுறைகூட எழுந்து நிற்கவில்லை, குடித்த உப்புத் தண்ணீருக்குக் கணக்கில்லை.

திரும்பும் டிக்கெட்டை மட்டும் லோயர் பெர்த்தாகப் பார்த்துப் போடுங்கள். மேல் பெர்த்துக்கு ஏறக் கை வராது.