கட்டம் கட்டமாகத் தெரிந்தால் என்ன?

கேள்வி: நூற்றுக்கணக்கானவர்கள் உழைத்து, சினிமா மாதிரியே வீடியோ கேம்கள் வருகின்றன. அப்படியிருக்க, தனி ஆளோ நாலு பேரோ சேர்ந்து செய்த 'இண்டி' கேம்களை ஏன் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள்? படம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, முகம்கூடச் சரியாக இல்லை. கையில் காசில்லாததைக் கலை என்று சொல்லி விற்கிறார்களா?

பதில்: சிலர் விற்கிறார்கள். ஒன்று ஓடிவிட்டால் அதே அச்சில் வரிசையாகப் பத்து வருவது இங்கேயும் உண்டு. ஆனால் நீங்கள் முகத்தைப் பார்த்ததோடு திரும்பி வந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

2013-இல் லூகாஸ் போப் என்பவர் கிட்டத்தட்டத் தனி ஆளாகச் செய்தது 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. அதில் நீங்கள் எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் பார்க்கும் குமாஸ்தா. இந்தக் கதையோடு ஒரு பெரிய கம்பெனிக்குப் போனால் வாசலிலேயே வணக்கம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். தேதி சரியா, போட்டோவில் இருப்பது இந்த ஆள்தானா என்று பார்த்துப் பச்சையோ சிவப்போ முத்திரை குத்த வேண்டும். எத்தனை பேரைப் பார்த்து முடித்தீர்களோ அதற்குத்தான் கூலி. வீட்டு வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு எல்லாம் அதற்குள்ளேதான். ஒரு நாள் ஒருவர் வருகிறார், காகிதமெல்லாம் சுத்தம். போகிற போக்கில், அடுத்து வருவது என் மனைவி, கொஞ்சம் தயவு காட்டுங்கள் என்கிறார். அந்த அம்மாவிடம் நுழைவு அனுமதி இல்லை. விட்டால் உங்கள் மேல் குற்றச் சீட்டு விழும். அதுவே அன்றைக்கு மூன்றாவது என்றால் கூலியில் அபராதம் பிடிப்பார்கள். நிறுத்தினால் கணவர் அந்தப் பக்கம், மனைவி இந்தப் பக்கம். நீங்கள் குறை சொல்லும் அதே கட்டம் போட்ட முகம்தான். ஆனாலும் சிவப்பு முத்திரைமேல் கை போகத் தயங்கும்.

இன்னொன்று, உழைப்பு எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். 2018-இல் வந்த 'செலஸ்ட்' மலையேறும் கேம், கை வலிக்க வைக்கும். ஆனால் பாறை விளிம்பைத் தாண்டிக் கால் அந்தரத்துக்குப் போன பிறகும் ஒரு நொடியில் சிறு பங்கு நேரம் குதிக்க விடுவார்கள். ஆடுகிறவருக்கு இது தெரியவே தெரியாது, தன் திறமை என்றே நினைப்பார். அப்படியும் முடியாதவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், கேலி கிடையாது. எரிக் பரோன் நாலு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து எழுத்து, படம், இசை எல்லாம் தானே செய்த 'ஸ்டார்டியூ வேலி' என்ற விவசாய கேம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஊரறிந்த விஷயம்.

பெரிய கம்பெனிகளின் பிரமாண்டம் இவர்களால் ஆகாது, அது சரி. ஆனால் தினமும் வா, பரிசுப் பெட்டியைத் திற, காசு கட்டு என்று கூப்பிடும் கேம்களுக்கு நடுவே 'அவுட்டர் வைல்ட்ஸ்' என்ற விண்வெளி கேம் மாதிரி ஒன்று வருவதைப் பாருங்கள். 22 நிமிடத்தில் சூரியன் வெடித்து, எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். புது ஆயுதம் கிடைக்காது, பலம் கூடாது. போன சுற்றில் நீங்கள் தெரிந்துகொண்டது மட்டும்தான் கூட வரும். எல்லாம் தெரிந்துவிட்டால் விளையாட்டும் தீர்ந்தது, இரண்டாம் தடவை அந்த ருசி இல்லை. வாடிக்கையாளரைத் தானே வழியனுப்பிவைக்கும் சரக்கு இது. வாங்கினால், தயவுசெய்து யூட்யூபில் யாரோ ஆடுவதை முதலில் பார்த்துத் தொலைக்காதீர்கள்.