ஃப்ரிட்ஜைத் திறக்கலாமா?

அன்புள்ள அக்கா,

பிரிஸ்பேனில் இருக்கிறோம். மூன்று வாரமாக எங்கள் வீட்டில் ஜப்பானிலிருந்து வந்த பள்ளி மாணவி ஒருத்தி தங்கியிருக்கிறாள். வயது 16. ஹோம்ஸ்டேக்கு ஆள் வைத்துக்கொள்வது எங்களுக்கு இதுதான் முதல் தடவை. வாரநாட்களில் காலையும் இரவும், சனி ஞாயிறில் மூன்று வேளையும் நாங்கள் சாப்பாடு போட வேண்டும். மாமியார் கூட இருப்பதால் முட்டை உண்டு, கறி மீன் கிடையாது. இதை முன்பே சொல்லிவிட்டோம். எதை வைத்தாலும் 'ரொம்ப நல்லா இருக்கு' என்கிறாள். பாதிச் சோறு தட்டிலேயே இருக்கிறது. நேற்று அவள் அறைக் குப்பைக்கூடையில் நாலு கப் நூடுல்ஸ் டப்பாக்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. காசு வாங்கிக்கொண்டு பிள்ளையைப் பட்டினி போடுகிறோமோ? அவளுக்காக ஜப்பான் சமையல் கற்றுக்கொள்ளட்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அந்த நாலு டப்பாவை உங்கள் சமையலுக்கு விழுந்த மார்க்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். கப் நூடுல்ஸ் 1971-ல் ஜப்பானில் பிறந்த பண்டம். நம் பிள்ளைகள் ஹாஸ்டலில் மேகி கிண்டுகிற மாதிரிதான் அவளுக்கு அது. பாதி பசி, பாதி வீட்டு ஞாபகம்.

ஜப்பான் சமையல் கற்க வேண்டாம். மெல்பர்னில் ஒன்பது வருடமாக மாணவர்களை வைத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் வந்த சீனப் பையனுக்காக வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு மாதம் சீனச் சமையல் செய்தேன். மரியாதையாகத் தின்றான், அவ்வளவுதான். அவனுக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது காலைச் சாப்பாடு. ஜூலைக் குளிரில் ஃப்ரிட்ஜ் பாலை ஊற்றி கார்ன்ஃப்ளேக்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன், பாவி. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் என்று கஞ்சி வைத்தபோது அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தான். அப்புறம் அவனுக்குத் தினமும் காலையில் கஞ்சிதான்.

உங்கள் பெண் விஷயத்தில் என் சந்தேகமெல்லாம் சோற்றின் மேல். நமக்கு அது உதிரியாக இருக்க வேண்டும், குழம்பை ஊற்றிப் பிசைய வேண்டும். அவர்கள் ஊர்ச் சோறு குட்டை அரிசி. ஒன்றோடொன்று லேசாக ஒட்டிக்கொண்டு, சின்னக் கிண்ணத்தில், வெள்ளையாக, தனியாக வரும். தட்டில் சாம்பார் குளித்த ஒரு மலை வந்து நின்றால் எந்தப் பக்கம் தொடங்குவது என்றே அவளுக்குத் தெரியாது. சோற்றை ஒரு கிண்ணத்திலும் சாம்பாரை இன்னொன்றிலும் வைத்துப் பாருங்கள். நான் அப்படி வைத்த அன்றைக்கே ஒரு பெண் இரண்டாம் தடவை சாம்பார் கேட்டாள், குடிப்பதற்கு! அரிசியும் ஒரு பை வாங்கிவிடுங்கள். சுஷி அரிசி என்று சூப்பர்மார்க்கெட்டிலேயே இருக்கும். நாலு தண்ணீர் கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு கப்புக்கு ஒன்றேகால் கப் தண்ணீர் போதும். கைப்பழக்கத்தில் இரண்டரை கப் ஊற்றினால் அதை வைத்து போஸ்டர் ஒட்டலாம்.

மற்றபடி ஒரே சமையல்தான். பருப்பும் காயும் வெந்ததும், காரம் சேர்க்கும் முன் அவளுக்கு ஒரு கிண்ணம் எடுத்துவையுங்கள். பரங்கிக்காயை சோயா சாஸும் சர்க்கரையும் போட்டு வேகவைத்தால் அவள் அம்மா செய்கிற பதார்த்தத்துக்குக் கிட்டத்தில் வரும், மாமியாரும் சாப்பிடலாம். மிசோ சூப் பாக்கெட்டில் பெரும்பாலும் காய்ந்த மீன் சேர்ந்திருக்கும். அதற்குப் பதில் மிசோ விழுதை (சோயா பீன்ஸைப் புளிக்கவைத்து அரைத்தது) தனியாக வாங்கி, கடற்பாசியை ஊறவைத்த தண்ணீரில் கரையுங்கள். அந்தப் பாசிக்குப் பெயர் கொம்பு, கடையில் அப்படியே கேட்கலாம்.

சனிக்கிழமை 'கரே' செய்யுங்கள், ஜப்பான்காரர்களின் குழம்பு அது. நம் கறி என்ற சொல் ஆங்கிலத்தில் நுழைந்து, மெய்ஜி மன்னர் காலத்தில் (1868-1912) பிரிட்டிஷ்காரர்கள் வழியாக ஜப்பான் போய், கெட்டியாகவும் தித்திப்பாகவும் மாறிப்போனது. அங்கே 1963 முதல் விற்கிற ஒரு கரே கட்டியில் ஆப்பிளும் தேனும் சேர்க்கிறார்கள். உருளை, கேரட், வெங்காயக் குருமாவில் காரத்தைக் குறைத்து ஓர் ஆப்பிளைத் துருவிப் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் சட்டியை வழித்துவிட்டார்கள். நான் மட்டும் ஊறுகாயைத் தேடிப் போனேன்.

அலர்ஜி எது என்று எழுதிக் கொடுத்த காகிதம் இருக்கும், மறுபடி ஒருமுறை படியுங்கள். நம் சமையலில் எள்ளும் வேர்க்கடலையும் எங்கெங்கோ ஒளிந்திருக்கும். நல்லெண்ணெயும் எள்தான் என்பது அவசரத்தில் நினைவுக்கு வராது.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் எங்களிடம் ஆறு மாதம் இருந்தாள். வந்த அன்றே 'ஃப்ரிட்ஜில் வேண்டியதை எடுத்துக்கோம்மா' என்று சொல்லியிருந்தேன். ஊருக்குக் கிளம்பும்போதுதான் சொன்னாள், முதல் இரண்டு மாதம் ராத்திரிப் பசியோடு படுத்தாளாம். ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்றேன். "நீங்கள் மரியாதைக்குச் சொன்னீர்கள் என்று நினைத்தேன்" என்றாள். நம் வீடுகளிலும் அப்படித்தானே? விருந்துக்குப் போன இடத்தில் 'கூச்சப்படாம சாப்பிடுங்க' என்றால் எவர் ஃப்ரிட்ஜைத் திறக்கிறார்?

அதனால் வாயால் சொல்லி நிறுத்தாதீர்கள். ஃப்ரிட்ஜுக்குள் ஓர் அடுக்குத் தட்டைக் காலி செய்து அவள் பெயரை ஒட்டிவிடுங்கள். முட்டை, தயிர், வாழைப்பழம், மீந்த சோறு எல்லாம் அங்கே. சோறு ஆறியதும் உள்ளே போய்விடட்டும், வெளியிலேயே கிடந்தால் வயிற்றைக் கெடுக்கும். அடுப்பு பற்றவைக்க, எந்த வாணலி அவளுக்கு என்று காட்ட, ஒரு ஞாயிறு காலை ஒதுக்குங்கள். கூட நின்று அவளை ஒரு முட்டை பொரிக்கச் சொல்லுங்கள், நீங்களும் சாப்பிடுங்கள். 'பிடிச்சிருக்கா?' என்று கேட்பதையும் விட்டுவிடுங்கள். அதற்கு நல்லபடி வளர்ந்த பிள்ளை ஒரே பதில்தான் சொல்லும். 'நாளைக்கு இட்லியா தோசையா?' என்று கேட்டால் ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

கப் நூடுல்ஸையும் நீங்களே நாலு வாங்கி ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் அடுக்குங்கள், அறைக்குள் ஒளித்து வைத்துத் தின்ன வேண்டாம். கறி மீன் சேராதது எது என்று டப்பாவைப் பார்த்து அவளே மாமியாருக்குப் படித்துச் சொல்லட்டும். ஜப்பானிய எழுத்து நமக்கெங்கே தெரியும்.

அன்புடன்,
அக்கா