‘யாதும் ஊரே’ உலக ஒற்றுமைப் பாட்டா, விதிவாதமா?

முதல் அடியோடு நிறுத்தினால் ஒற்றுமைப் பாட்டுதான். ஆனால் கணியன் பூங்குன்றனாரின் புறநானூறு 192-ஆம் பாடலுக்கு 13 அடிகள் உண்டு.

பாட்டின் அச்சாணி 11-ஆம் அடியில் வரும் ‘ஆகலின்’ என்ற சொல். அங்கிருந்து பின்னோக்கிப் படியுங்கள். கல்லை மோதி இரையும் பேராற்றில் நீர் போகும் வழியில் புணை (தெப்பம்) போகிறது. அதுபோல உயிரும் ‘முறைவழி’ போகும். இதைத் திறவோரின், அதாவது மெய்யறிந்தவர்களின், காட்சியால் தெளிந்தோம். ஆகலின் பெரியோரை வியப்பதில்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை. அதாவது, சமத்துவம் இங்கே அன்பிலிருந்து பிறக்கவில்லை, ஒரு தர்க்கத்தின் முடிவாக வருகிறது. மேடைகளில் முதல் அடி மட்டும் முழங்குவதால் இது தொலைந்துபோகிறது.

சிக்கலான இடம் இரண்டாம் அடி. ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’ என்றால் தன் வினையே காரணம் என்று ஆகிறது. ‘முறை’யை ஊழ் என்று கொண்டாலோ, தன் கையில் என்ன மிச்சம்? நியதியை, அதாவது எல்லாம் முன்பே விதிக்கப்பட்டது என்பதை, வலியுறுத்திய பழைய சமயமான ஆசீவகத்தின் சாயலைச் சிலர் இங்கே காண்பது இதனால்தான். ‘முறை’ என்ற ஒரு சொல்லை வைத்து சமய முத்திரை குத்துவது அவசரம் என்பேன். பாட்டின் துறை பொருண்மொழிக்காஞ்சி, அதாவது வாழ்வுக்கு உறுதி தரும் உண்மைகளை எடுத்துச் சொல்வது. கவிஞர் தெளிந்ததைச் சொல்கிறார், எந்தச் சமயத்துக்காகவும் வாதாடவில்லை.