ஆத்தங்குடிக் கல், சுண்ணாம்புக் காரை, தேக்கு நிலை: வீட்டு மராமத்து கேள்வி பதில்

பழைய செட்டிநாட்டு வீட்டைத் தாங்களே சரிபார்க்க இறங்கியவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கானாடுகாத்தான்: அண்ணே, பட்டாலையில (முற்றத்தை ஒட்டின கூடம்) ஆத்தங்குடிக் கல்லு பதிச்சு இருபது நாள் ஆச்சு. மேல வெள்ளை வெள்ளையாப் பூத்திருக்கு. கொத்தனார் ஆசிட் ஊத்திக் கழுவச் சொல்றார். செய்யலாமா?

முதல் வேலையாக அந்த ஆசிட் பாட்டிலை வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்ட் சாந்தை ஊற்றி வார்த்தது. பளபளப்பும் மெஷினில் தீட்டி வந்ததில்லை. கண்ணாடியின் வழவழப்பைச் சாந்து அப்படியே வாங்கிக்கொண்டது. வண்ணம் இருப்பது மேலே சில மில்லிமீட்டர்தான். ஆசிட் சிமெண்டைத் தின்னும். ஒரே கழுவலில் அந்த மேல்தோல் போய், கல் சொரசொரப்பாகி, பிறகு விழும் கறையெல்லாம் உள்ளே இறங்கிவிடும். மெஷின் போட்டுத் தேய்த்தாலும் இதே கதிதான்.

பூத்திருப்பது உப்பு. கலவையிலும் மணலிலும் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்து மேலே கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. இரண்டு நாளுக்கு ஒரு தடவை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து அந்தத் தூளை அள்ளிக் கொட்டுங்கள். ஈரத்துணி போட்டால் உப்பு கரைந்து மறுபடி கல்லுக்குள்ளேயே போகும். கதவு, சன்னல் திறந்தே இருக்கட்டும்.

ஈரம் போய்விட்டதா என்று பார்க்க 2 அடி பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நாலு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளுக்கு அடியில் நீர் முத்து இருந்தால் தரை இன்னும் காயவில்லை. அதுவரை எண்ணெய் பூசாதீர்கள். ஈரம் உள்ளே மாட்டி, கல் திட்டுத் திட்டாகக் கறுக்கும். மூன்று மாதம் தாண்டியும் பூத்தால் கல் மேல் குற்றமில்லை. முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் வழி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டாலைக்கு அடியில் ஈரம் ஏற அது ஒன்றே போதும்.

சென்னை: 200 சதுர அடி அறைக்கு எத்தனை கல், எத்தனை மூட்டை சிமெண்ட்? மாடியிலும் பதிக்கலாமா?

10-க்கு 10 அங்குலக் கல்லென்றால் 100 சதுர அடிக்கு 144. உங்களுக்கு 288, உடைசலுக்கும் வெட்டுக்கும் சேர்த்து 310 வாங்குங்கள். 8-க்கு 8 என்றால் 100 சதுர அடிக்கே 225. குறைந்தால் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். கையால் கலக்கும் வண்ணம் இது. அடுத்த தடவை வருவது ஒரு சாயல் மாறித்தான் வரும். வந்த கல்லையும் ஒரே அடுக்கிலிருந்து எடுக்காமல் நாலைந்து அடுக்கிலிருந்து கலந்து எடுத்துப் பதியுங்கள்.

ஒன்றரை அங்குலக் கலவைப் படுகைக்கு, ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் கணக்கில், 4 மூட்டை சிமெண்டும் 28 கன அடி மணலும் ஆகும். கல்லின் முதுகில் தடவும் சிமெண்ட் பாலுக்கு இன்னொரு மூட்டை. கலவை கையில் பிடித்தால் பிடி நிற்கும் அளவு ஈரமே போதும். கல்லைத் தண்ணீரில் முக்கி எடுத்து, மேல் ஈரம் வடிந்ததும் பதியுங்கள். காய்ந்த கல் பாலின் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஆறு மாதத்தில் தட்டினால் டொக்கு டொக்கென்று வெற்று ஓசை கேட்கும். கைவேலைக் கல் எல்லாம் ஒரே கனத்தில் இருக்காது. அதனால் ரசமட்டத்தைக் கல்லுக்குக் கல் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளங்கையால் அழுத்துங்கள், சுத்தியல் வேண்டாம். சந்து எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு அழகு.

மாடி பழைய மெட்ராஸ் தளமா, அதாவது மரச் சட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டதா? மேலே சொன்ன கல்லும் கலவையும் சேர்ந்தால் இரண்டு டன்னுக்கு மேல். சுவருக்குள் புதைந்த சட்டத்தின் முனை உளுத்திருக்கிறதா என்று பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் அந்தப் பாரத்தை ஏற்ற வேண்டாம்.

காரைக்குடி: ஆத்தங்குடிக் கல்லுக்குத் தேங்காய் எண்ணெய் எத்தனை நாளைக்கு ஒரு தடவை?

தொடக்கத்தில் வாரம் ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை. துணியில் நாலு சொட்டு விட்டுத் தேய்த்து, உலர்ந்த துணியால் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். தரையில் ஊற்றித் தேய்த்தால் தூசியும் எறும்பும்தான் மிச்சம். மற்ற நாளில் வெறும் தண்ணீர் போதும். புளிக்குழம்பு, எலுமிச்சை, மோர் சிந்தினால் உடனே துடையுங்கள். அவையும் ஆசிட்தான், கொஞ்சம் மெதுவாகத் தின்னும்.

தேவகோட்டை: வளவுச் (உள்முற்றப் பகுதி) சுவரில் காரை பெயர்ந்த இடத்துக்கு சிமெண்ட் பூசினோம். அதைச் சுற்றி இன்னும் பெரிசாப் பெயருது. சுண்ணாம்பும் முட்டையும் வாங்கி நாங்களே பூசலாமா?

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் ஓரம் தேடிப் போய், பக்கத்திலுள்ள நல்ல காரையையும் தள்ளுகிறது. சிமெண்டை முழுதாகச் செதுக்கி எடுங்கள். தட்டிப் பார்த்து வெற்று ஓசை வரும் இடமெல்லாம் போக வேண்டும்.

முட்டையை இப்போதே வாங்காதீர்கள், அது கடைசி நாள் சமாச்சாரம். வெள்ளைக்கருவைத் தடவினால் சுவர் கண்ணாடி ஆகிவிடும் என்று பரப்பிவிட்டிருக்கிறார்கள். வேலையில் முக்கால்வாசி சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றுவதிலும் காத்திருப்பதிலும்தான்.

சுட்ட சுண்ணாம்பை நீங்களே நீற்றுங்கள். கடையில் பையில் கிடந்து காற்றுப் பட்ட பழைய தூள் பிடிக்காது. தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும்; சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், பிளாஸ்டிக் வாளி இளகிவிடும். நீற்றியதைச் சலித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி 15 நாளாவது வையுங்கள். கூடக் கூட நல்லது.

இன்னொரு பக்கம் 20 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ நொறுக்கிய கடுக்காயும் 1 கிலோ கருப்பட்டியும் போட்டு ஒரு வாரம் ஊறட்டும். இரும்பு டிரம் கூடாது. கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் மை மாதிரி கறுத்துவிடும். கருப்பட்டியை அள்ளிப் போட்டால் காரை இறுகாமல் பிசுபிசுக்கும், எறும்பும் வரும். இந்த அளவு ஊருக்கு ஊர் மாறும். அதனால் முதலில் ஒரு சதுர அடியில் பூசிப் பாருங்கள்.

முதல் பூச்சுக்கு சுண்ணாம்பு விழுது 1, சலித்த மணல் 3, அரை அங்குல கனம். 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 40 லிட்டர் விழுதும் 4 கன அடி மணலும் ஆகும். தண்ணீருக்குப் பதில் கடுக்காய்த் தண்ணீர். சுவரை முதல் நாளே நனைத்து வைக்க வேண்டும். மறுநாள் மயிரிழை விரிசல் விட்டால் பதற வேண்டாம், பச்சையாக இருக்கும்போதே மட்டப்பலகையால் அழுத்தித் தேய்த்தால் மூடிக்கொள்ளும். விரிசல் பெரிதென்றால் மணல் குறைவு, இல்லை வெயில் பட்டுச் சீக்கிரம் காய்ந்திருக்கிறது. ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரம் தண்ணீர் தெளியுங்கள்.

கடைசிப் பூச்சு 2, 3 மில்லிமீட்டர்தான். துணியில் வடித்த விழுது, மாவு போன்ற பளிங்குத்தூள், அடித்த வெள்ளைக்கரு. இதில் கடுக்காய் சேர்த்தால் வெண்மை மங்கும். விரல் வைத்தால் தடம் விழுந்தும் ஒட்டாத பதத்தில் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்கத் தொடங்குங்கள். முந்தினால் கல்லோடு பிய்ந்து வரும், பிந்தினால் மெருகு ஏறாது. தேய்க்கத் தேய்க்கச் சுவர் வியர்க்கும். துடைத்துத் துடைத்துத் தேய்க்க வேண்டும். ஒரு ஆள் ஒரு நாளில் முடிக்கும் அளவுக்கு மட்டும் பூசுங்கள், தை மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் காயாது, சித்திரை வெயிலில் வெடிக்கும்.

பள்ளத்தூர்: பர்மா தேக்கு வாசல் நிலைக்கு யாரோ பச்சை பெயிண்ட் அடிச்சுட்டாங்க. காஸ்டிக் சோடா போட்டு எடுக்கலாமா?

கூடாது. தேக்கு கறுத்துவிடும். பிறகு அந்தக் காரம் மரத்துக்குள்ளேயே இருந்து, பூசும் பாலிஷை எல்லாம் தள்ளும். பெயிண்ட் ரிமூவர் பசையை ஒரு அடி இடத்தில் மட்டும் தடவி, 15-20 நிமிடம் கழித்து மழுங்கிய பட்டித் தகட்டால் ரேகை வாக்கில் வழியுங்கள். செதுக்கலுக்குள் பழைய பல் துலக்கும் பிரஷ், மூங்கில் சிம்பு. இரும்பு முனை வைத்தால் யாளியின் மூக்கு போகும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதனால் உலர்வாக உப்புத்தாள் போட வேண்டாம், முகமூடி அணியுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

பெயிண்ட் முழுதும் போனதும் டர்பன்டைனால் துடைத்து ஒரு நாள் விட்டு, 120 நம்பர் உப்புத்தாள், பிறகு 220. முதல் பூச்சு ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. 20 நிமிடத்தில் மேலே நிற்பதைத் துடைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வருடம் முழுக்க ஒட்டும். இரண்டு நாள் கழித்து இன்னொரு மெல்லிய பூச்சு. எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும், துணி தானே தீப்பற்றும். விரித்துக் காயவையுங்கள், இல்லை தண்ணீரில் முக்கிவையுங்கள். அரக்கு பாலிஷ் உள்கதவுக்கு மட்டும், மழைச்சாரல் பட்டால் வெளுக்கும்.

கோட்டையூர்: லீவுக்கு வந்த பேரனோட வீட்டிலேயே ரெண்டு பூக்கல்லு வார்த்துப் பார்க்க ஆசை. முடியுமா?

தாராளமாக. கீறலே இல்லாத கண்ணாடி, அதன் மேல் முக்கால் அங்குல உயரச் சட்டம், உள்ளே தகரப் பூ அச்சு. வெள்ளைச் சிமெண்டோடு எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் ஆக்சைடு சேர்த்து, தோசை மாவுப் பதத்தில் கரைத்து அறை அறையாக ஊற்றுங்கள். அச்சை நேராக மேலே தூக்குங்கள். கை நடுங்கினால் பூ கலங்கும். கலங்கிய பூவுக்கும் ஒரு அழகு உண்டு, பேரன் ஒத்துக்கொள்வான். மேலே உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவினால் வண்ணத்தின் மிச்ச ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு ஒன்றுக்கு மூன்று கலவையை நிரப்பி அழுத்துங்கள். மறுநாள் தண்ணீரில் இறக்கி ஒரு வாரம். மேலே ஊசித்துளை தெரிந்தால் வண்ணம் கெட்டியாகிக் காற்று மாட்டியிருக்கிறது. ஆக்சைடும் சிமெண்டும் வெறுங்கையால் தொடக்கூடாது.

சிங்கப்பூர்: ஆச்சி பின்னிய ஓலைக் கொட்டான்ல (கூடை) பூஞ்சை. கழுவலாமா?

தண்ணீரில் முக்கினால் சாயம் இறங்கும். உலர்ந்த பிரஷால் வாசலில் வைத்துத் தட்டி, காலை இளவெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். உச்சி வெயில் வேண்டாம், நிறம் போய் ஓலை முறியும். நெளிந்த விளிம்பை நிமிர்த்த ஈரத்துணியை அரை மணி சுற்றிவைத்து, உள்ளே துணியைத் திணித்து நிழலில் காயவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்ததால்தான் பூஞ்சை வந்திருக்கும்.

தேவகோட்டை, இன்னொருவர்: எட்டுப் பங்காளிக்குப் பொதுவான வீடு. எதைத் தொட்டாலும் சம்மதம் கேக்கணும். எதுல ஆரம்பிக்க?

ஓட்டில். மழைக்கு முன் நழுவிய நாட்டு ஓட்டை ஏற்றி, கூரைப் பள்ளத்தில் கிடக்கும் சருகை அள்ள எந்தப் பங்காளியும் குறுக்கே நிற்க மாட்டார். ஒழுகும் கூரைக்குக் கீழே காரையும் தேக்கும் செய்வது வீண் செலவு. வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து எட்டுப் பேருக்கும் அனுப்புங்கள், சட்டத்து முனை உளுத்த படம் உட்பட.