பெரட்டா, பரேடா?

கேள்வி: கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறேன். நண்பர்களைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனால், காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பதை அம்மா அவர்கள் முன்னாலேயே 'பெரட்டு' என்கிறார். 'பரேட்' என்ற நல்ல ஆங்கிலச் சொல்லை நம் சனம் இப்படிக் கொலை செய்யலாமா?
- வாசகர், பொகவந்தலாவை

பதில்: நல்ல ஆங்கிலச் சொல்லா? அது பிரெஞ்சுச் சொல் ஐயா. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயன் எடுத்துக்கொண்டான். பிரெஞ்சுக்காரன் வாயில் அது 'பராட்'. ஆங்கிலேயன் 'பரேட்' ஆக்கினால் உச்சரிப்பு, உங்கள் அம்மா 'பெரட்டு' ஆக்கினால் கொலையோ?

1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த நாளிலிருந்து இதே கதைதான். கோர்ட், ஜட்ஜ், ஜூரி எல்லாம் அவர்கள் கொண்டுவந்தவை. தொழுவத்தில் நிற்கும்வரை மாடு 'கவ்'. தட்டுக்கு வந்ததும் 'பீஃப்', அது பிரெஞ்சு. இரவில் மணியடித்து அடுப்பு நெருப்பை மூடச் சொன்ன 'கூவ்ர் ஃபெ'தான் தேய்ந்து தேய்ந்து 'கேர்ஃபியூ' ஆனது. நமக்கோ அந்தச் சொல்லைக் கேட்டதும் பாண் வரிசைதான் ஞாபகம் வரும்! அட்டன் டிப்போவில் பஸ் ஏறுகிறீர்களே, ஆங்கில எழுத்தில் கடைசியில் நிற்கும் 'ட்' எங்கே போனது? அதுவும் பிரெஞ்சு வாய் விழுங்கியதுதான்.

பெரட்டு வெறும் உச்சரிப்புச் சங்கதியும் இல்லை. பிரெஞ்சில் அது பகட்டாக அணிவகுத்துக் காட்டுவது. தோட்டத்தில் யார் எதைக் காட்டினார்கள்? விடியற்காலைக் குளிரில், தலையை மூடும் கொங்காணியோடு, கூடையும் கையுமாக நிற்க வேண்டும். எந்த மலைக்கு யார் போவது என்று கணக்கப்பிள்ளை பிரிப்பார். பிந்திப் போனால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது நாட்சம்பளம் இல்லை. அந்த நடுக்கம் முழுக்க 'பெரட்டு' என்ற சொல்லுக்குள் இருக்கிறது. "பரேட்டுக்குப் போறேன்" என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் சொல்லிப்பாருங்கள், எப்போது பொலிஸில் சேர்ந்தாய் என்று கேட்பார்கள்.

இன்னொன்று. கடிதத்தின் முதல் வரியிலேயே 'கந்தோர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒல்லாந்தர் விட்டுப்போன 'கன்தோர்'. அவர்கள் அதைப் பிரெஞ்சின் 'கோந்த்வார்' என்பதிலிருந்து எடுத்தார்கள். இரண்டு கை மாறி, இரண்டு தரம் 'கொலை'யுண்டு வந்த சொல். அதை எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையே?