ரூபாய் ஏறியது, வருமானம் ஏறியதா?

கேள்வி: 2006 ஜனவரியில் என் கணவர் ஒருவரின் சம்பளம் 10,000 ரூபாயில் குடும்பம் ஓடியது. 2025 ஜனவரியில் அவருக்கு 24,000, எனக்கு 14,000, ஆக 38,000. வாடகை வீடுதான். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் அரசாங்க விலைக் குறியீட்டையே எடுத்துக் காட்டி, "அப்போ 119, இப்போ 143. விலைவாசி 20 சதவீதம்தான் ஏறியிருக்கு, உங்க வருமானம் நாலு மடங்கு. மாசம் 6,000 தாராளமா கட்டலாம், 20 வருஷத்தில் 25 லட்சம்" என்கிறார். மாசக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லையே, எங்கே தப்பு?
- வாசகி, திருப்பூர்

பதில்: தப்பு உங்கள் வீட்டுச் செலவில் இல்லை. அவர் காட்டிய இரண்டு எண்களும் நிஜமானவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் பித்தலாட்டம். ஒன்று பழைய படியில் அளந்தது, மற்றது லிட்டரில் அளந்தது.

தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டை மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் மாதாமாதம் வெளியிடுகிறது. பஞ்சப்படி கணக்கே இதை வைத்துத்தான். 2006ல் அதற்கு அடிப்படை ஆண்டு 2001. அந்த ஆண்டு விலையை 100 என்று வைத்துக்கொண்டார்கள். 2020 செப்டம்பரிலிருந்து அடிப்படை 2016. எண் மறுபடி 100 பக்கம் வந்துவிட்டது, மளிகைக் கடை பில் வரவில்லை. புது எண்ணைப் பழைய அளவுக்குக் கொண்டுவர 2.88ஆல் பெருக்க வேண்டும். இந்த ஒரு பெருக்கலை ஒவ்வொரு மாத அறிவிப்பின் தலைப்பிலும் போட்டால் என்ன குறைந்துவிடும்? சாமானியர் தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

உங்கள் கணக்கைப் போடுவோம். 2025 ஜனவரிக் குறியீடு 143.2. அதை 2.88ஆல் பெருக்கினால் 412. 2006 ஜனவரியின் 119ஆல் வகுத்தால் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. விலைவாசி ஏறியது 20 சதவீதம் அல்ல, கிட்டத்தட்ட 250 சதவீதம். அன்றைய 10,000 ரூபாய்க்குச் சமம் 2025ல் சுமார் 34,700. நீங்கள் இருவரும் சேர்ந்து கொண்டுவருவது 38,000. பத்தொன்பது ஆண்டில் குடும்ப வருமானம் நிஜமாக ஏறியது பத்து சதவீதத்துக்குள்.

அந்தப் பத்தும் உங்கள் உழைப்பில் வந்தது. உங்கள் கணவருக்கு அன்றைய நிலையில் நிற்கவே 34,700 வேண்டும், வாங்குவது 24,000. அவர் சம்பளம் ஏறவில்லை, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கரைந்திருக்கிறது. நீங்கள் வேலைக்குப் போய் அந்த ஓட்டையை அடைத்துக் கொஞ்சம் மேலே வைத்திருக்கிறீர்கள். போகவர பஸ் செலவு, வேலைக்குப் போவதால் வரும் மற்ற செலவுகளைக் கழித்தால் அந்தக் கொஞ்சமும் நிற்காது. 'குடும்ப வருமானம் உயர்கிறது' என்று யார் சொன்னாலும், எத்தனை பேர் சம்பாதித்து என்று முதலில் கேளுங்கள்.

இன்னொரு ஏமாற்று. சிலர் வருமான வரித்துறையின் செலவுப் பணவீக்கக் குறியீட்டை வைத்துச் சம்பளத்தை ஒப்பிடுவார்கள். 2005-06ல் 117, 2024-25ல் 363. அந்தக் கணக்கில் மூன்று மடங்குதான் வரும். அது சொத்து விற்ற லாபத்துக்கு வரி போட உண்டாக்கியது; நகர்ப்புற விலை உயர்வில் முக்கால் பங்கைத்தான் கணக்கில் எடுக்கும். சம்பளத்தை அதால் அளக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், நிறையப் பேர் இதில் குழம்புகிறார்கள். இந்தக் குறியீட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பங்கு வீட்டுக்கு. கடன் இல்லாத சொந்த வீட்டில் இருப்பவர் வாடகையே தருவதில்லை. ஆகவே வாடகை உயர்வு அவரைக் கடிக்காது, குறியீடு காட்டும் அளவுக்கு அவர் கஷ்டம் இராது. 2006ல் வாடகையில் இருந்து, பிறகு வீடு வாங்கிக் கடனையும் அடைத்தவர் என்றால், அன்றைய சம்பளத்தில் வாடகையைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் ஒப்பிட வேண்டும். மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்தால் இன்றைய சம்பளத்தில் தவணையையும் கழிக்க வேண்டும். ஏஜென்ட்கள் சொந்த வீட்டுக்காரர் கதையைத்தான் எல்லாருக்கும் சொல்வார்கள். நீங்கள் வாடகையில் இருக்கிறீர்கள், இது உங்களுக்குப் பொருந்தாது.

இப்போது அந்தப் பாலிசி. மாதம் 6,000 வீதம் 20 ஆண்டுக்குக் கட்டுவது 14,40,000. கிடைப்பது 25 லட்சம் என்றால் ஆண்டு வட்டி சுமார் 5 சதவீதம்தான். நாம் மேலே பார்த்த 19 ஆண்டில் விலைவாசி ஏறியது ஆண்டுக்கு ஏறக்குறைய 6.8 சதவீதம். அதே வேகம் தொடர்ந்தால் அந்த 25 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு ஏழு லட்சம்கூடத் தேறாது. பயமுறுத்தும்போது "ஆஸ்பத்திரிச் செலவு எங்கேயோ போகப் போகுது" என்பார்கள்; முதிர்வுத் தொகையைச் சொல்லும்போது மட்டும் விலைவாசி அசையாமல் நிற்கும். காகிதத்தில் 25 லட்சத்துக்குப் பக்கத்தில் 'உத்தரவாதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், பேச்சு மாறும்.

கணவர் இல்லாவிட்டால் குடும்பம் தடுமாறும் என்ற கவலை இருந்தால் டேர்ம் பாலிசி (காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு) போதும், பிரீமியமும் இதில் சிறு பங்குதான். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம்; முத்திரைக் கட்டணம் போன்ற சிறு பிடித்தம் போக மிச்சப் பணம் திரும்ப வரும். கடிதத்தை நிறுவனத்தின் கிளையிலேயே கொடுத்து, தேதியிட்ட முத்திரையோடு நகல் வாங்குங்கள். ஏஜென்ட் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். முப்பத்தோராம் நாள் வரை அது அவர் பையிலேயே இருக்கும்.