பனைமட்டைக் கருக்கு கையைக் கிழித்தால் கோப்பித்தூள் போடலாமா?

வேலி அடைக்கும்போது கருக்கு உள்ளங்கையைக் கிழித்துவிட்டது, அம்மம்மா கோப்பித்தூள் அப்பச் சொல்கிறார், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இரத்தத்தை நிறுத்துவது தூளல்ல, அதை வைத்து அழுத்தும் கை. தூளோ காயத்துக்குள் ஒட்டிக்கொண்டு, கிருமி சேர இடங்கொடுக்கும்; தையல் போடுபவருக்கும் வேலையைக் கூட்டும். மஞ்சளுக்கும் இதே பதில்தான், அம்மம்மா கோபித்தாலும்.

சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று இடையில் தூக்கிப் பார்ப்பதுதான் பலரும் செய்வது. உறையத் தொடங்கிய இரத்தம் அதனால் மீண்டும் கசியும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வையுங்கள்.

பிறகு ஓடும் குடிநீரில் நன்றாகக் கழுவுங்கள். சவர்க்காரம் காயத்தைச் சுற்றி மட்டும். ஸ்பிரிட்டை உள்ளே ஊற்றினால் ஆறவேண்டிய தசையும் கெடும். மெல்லியதாக வாசலின் பூசி, பிளாஸ்டர் ஒட்டி, தினமும் மாற்றுங்கள். காற்றுப்பட்டால்தான் ஆறும் என்பது தவறு. ஈரப்பதத்தோடு மூடிய காயமே விரைவாக ஆறும்.

மண்பட்ட காயமென்றால் ஏற்பு (டெட்டனஸ்) ஊசியை மறக்காதீர்கள்: கடைசியாகப் போட்டு 5 ஆண்டு கடந்திருந்தால் மீண்டும் தேவைப்படலாம். காயம் வாய்பிளந்திருந்தால், விரல் மரத்தால், கருக்கு முள் ஆழமாக ஏறியிருந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். அழுத்தியும் இரத்தம் நிற்காவிட்டால், இலங்கையில் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழையுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சிறு கீறலையும் வைத்தியரிடம் காட்டுவது நல்லது.